ஏணியின் நடுப்படிகள்: அவுஸ்திரேலிய உதைபந்தாட்டத்தின் இரண்டாந்தரப் போட்டிகளும் இளைஞர் போட்டிகளும்

சென்ற ஆண்டு விடுமுறைக்கு ஊர் வந்திருந்த நம் கல்லூரிப் பழைய மாணவர் ஒருவர், என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர், மெல்பேண் நகரிற் குடியேறி இருபது ஆண்டு கடந்தவர், ஒரு மனக்குறையை என்னிடம் சொல்லி வருந்தினார். அவருடைய மகன் அந்நாட்டு உதைபந்தாட்டத்திலே தேர்ச்சியுள்ளவன். பதினாறாவது வயதிலே பிரதேச இளைஞர் அணியொன்றின் பயிற்சிக்கு அழைக்கப்பட்டான்; பதினெட்டாவது வயது முடிந்ததும், இனி இடமில்லையென்று விடுவிக்கப்பட்டான். இடையில் இரண்டு ஆண்டு தன் ஊர்க் கழகத்தை அவன் எட்டியும் பார்க்கவில்லை. இப்பொழுது அங்கே திரும்பிச் செல்லவும் வெட்கப்படுகிறானாம். "ஏணியில் ஏற்றியவர்கள் இறங்குவதற்கு ஒரு படியும் வைக்கவில்லையே" என்றார் நண்பர்.

தமிழாசிரியனுக்கு உதைபந்தாட்டத்தில் என்ன வேலை என வாசகர் வினவுதல் கூடும். விளையாட்டு நுணுக்கம் அறிந்தவன் யான் அல்லன். ஆயினும் பிள்ளைகளைத் தெரிந்தெடுத்தலும், தெரியப்படாதோரை ஆற்றி அனுப்புதலும் ஆசிரியத் தொழிலில் ஆண்டுதோறும் நேர்வன. ஆதலின் நண்பரின் வினா என்னையும் பற்றிக்கொண்டது. அவ்விளையாட்டின் நடுப்படிகள் எவ்வாறு அமைந்தன, எவ்வாறு மாற்றப்பட்டன, அம்மாற்றத்தால் யாது கிடைத்தது, யாது இழக்கப்பட்டது என்பனவற்றை அறிந்த அளவில் ஈண்டு எடுத்துரைப்பேன்.

இவ்விளையாட்டு நாம் ஆடும் உதைபந்தாட்டம் அன்று. பந்து முட்டை வடிவினது. ஆடுகளம் கிரிக்கெற் மைதானம் போன்ற நீள்வட்டம். ஒரு பக்கத்துக்குப் பதினெண்மர் ஆடுவர். பந்தைக் காலால் உதைக்கலாம், கையிலேந்திக் குத்துக்கையாற் தட்டி அனுப்பலாம், எறிதல் ஆகாது. களத்தின் இரு முனைகளிலும் நந்நான்கு கம்பங்கள் உண்டு. நடுவிரண்டின் ஊடே உதைத்தால் ஆறு புள்ளி. அவற்றின் புறத்தே சென்றால் ஒரு புள்ளி.

இதன் பிறப்பிலே பள்ளிக்கூடங்களுக்குப் பங்குண்டு என்பது நம் போன்றோர் மகிழத்தக்க செய்தி. 1858ஆம் ஆண்டு யூலை மாதத்தில் ரொம் வில்ஸ் என்னும் கிரிக்கெற் வீரர், மாரிகாலத்தில் ஆட்டக்காரரின் உடல் தளராதிருக்க உதைபந்தாட்டக் கழகம் ஒன்று வேண்டுமெனப் பத்திரிகைக்கு எழுதினார். அவ்வாண்டு ஓகஸ்ற் 7ஆந் தேதி ஸ்கொட்ச் கல்லூரியும் மெல்பேண் கிறமர் பாடசாலையும் பக்கத்துக்கு நாற்பதின்மராக ஆடத் தொடங்கின. வில்ஸும், ஸ்கொட்ச் கல்லூரியிற் கற்பித்த ஜோன் மக்கடம் என்பாரும் நடுவராக நின்றனர். ஆட்டம் மூன்று சனிக்கிழமைகளுக்கு நீண்டு, ஆளுக்கொரு கோலுடன் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. அடுத்த ஆண்டு மே 17ஆந் தேதி மெல்பேண் கழகத்தார் விதிகளை எழுதினர்.

நிற்க. பழைய அமைப்பு யாது? 1877ஆம் ஆண்டில் விக்ரோறிய உதைபந்தாட்டச் சங்கம் தோன்றியது. அதே ஆண்டில் தென் அவுஸ்திரேலியாவிலும், 1885இல் மேற்கு அவுஸ்திரேலியாவிலும் அவ்வம் மாநிலச் சங்கங்கள் தோன்றின. விக்ரோறியாவில் வலிமை மிக்க கழகங்கள் எட்டு 1896இல் பிரிந்து, 1897 முதல் விக்ரோறிய உதைபந்தாட்ட லீக் என்ற பெயரில் தனியே ஆடலாயின. எஞ்சிய பழைய சங்கம் அன்றுதொட்டு இரண்டாந்தரமாயிற்று. ஆயினும் அது எவருக்கும் ஏவலாள் ஆகவில்லை. போட் மெல்பேண், வில்லியம்ஸ்ரவுண், பிறெஸ்ரன், கோபேர்க் என்னும் புறநகர்கள் தத்தம் கழகத்தைத் தத்தம் கொடியாகப் போற்றின. லீக் சனிக்கிழமை ஆடியது. சங்கம் 1960 முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடித் தனக்கெனப் பார்வையாளரைத் தேடிக்கொண்டது.

லீக் கழகங்களுக்குள்ளேயும் ஓர் ஏணி இருந்தது. 1919இல் இரண்டாம் அணிகளுக்கெனத் தனிப் போட்டி ஏற்பட்டது. 1946இல் பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் போட்டி ஏற்பட்டது. நம் கல்லூரிகளில் முதலாம் பதினொருவர், இரண்டாம் பதினொருவர் என்றிருப்பது போன்றதே இதுவும். கழகங்கள் ஒவ்வொன்றுக்கும் ஆட்டக்காரரைச் சேர்க்கும் எல்லைகள் வகுக்கப்பட்டிருந்தன. 1968 முதல் நாட்டுப்புறமும் அவ்வாறே பங்கிடப்பட்டது. ஆகவே அவ்வெல்லைக்குட் பிறந்த பிள்ளை ஒரே நிறச் சட்டையை அணிந்து, ஒரே கழகத்திற் படிப்படியாக ஏறலாம். ஏற முடியாதவன் அடுத்த தெருவிலுள்ள சங்கக் கழகத்திற் சேர்ந்து, அங்கே புகழ் பெறலாம்.

இவ்வமைப்பு குறையற்றது என்று சொல்வதற்கில்லை. நல்ல எல்லை வாய்த்த கழகம் செழித்தது; அது வாய்க்காத கழகம் மெலிந்தது. 1980ஆம் ஆண்டுகளில் லீக் கழகங்கள் பல கடனில் மூழ்கின. 1982இல் சவுத் மெல்பேண் கழகம் சிட்னிக்குப் பெயர்ந்தது. 1987இல் பேர்த் நகரிலும் பிரிஸ்பேண் பகுதியிலும் புதிய கழகங்கள் எழுந்தன. 1990இல் லீக்கின் பெயரே அவுஸ்திரேலிய உதைபந்தாட்ட லீக் என மாறியது. ஒரு நகரத்து லீக், கண்டத்தின் லீக் ஆயிற்று. அதனால், அதுகாறுந் தத்தம் மாநிலத்தில் உச்சியாயிருந்த தென், மேற்குச் சங்கங்கள் தாம் இருந்த இடத்திலிருந்தபடியே இரண்டாம் படியாயின.

இம்மாற்றத்தின் நடுவச்சு யாதெனின், 1986இல் தொடங்கிய தேசியத் தெரிவு எனலாம். ஆண்டு முடிவிற் கடைசியிடம் பெற்ற கழகம் நாட்டிலுள்ள இளைஞருள் முதலாமவனைத் தெரியும். வாகை சூடிய கழகம் இறுதியிலே தெரியும். மெலிந்தோரை வலியோராக்குதற்கு இது சிறந்த உபாயமே. ஆனால் ஒரு கழகம் பத்தாண்டு வளர்த்த பிள்ளையை வேறொரு கழகம் கொண்டுபோகுமாயின், வளர்ப்பதனால் அதற்கு என்ன பயன்? ஆகவே கழகங்களின் பத்தொன்பது வயதுப் போட்டி 1991உடன் முடிந்தது. 1992இல் எந்தக் கழகத்தையுஞ் சாராத பிரதேச அணிகளைக் கொண்ட பதினெட்டு வயதுப் போட்டி விக்ரோறியாவில் எழுந்தது. இன்று அம்மாநிலத்தில் இத்தகைய அணிகள் பன்னிரண்டு உள. எல்லாக் கழகத்துத் தெரிவாளரும் ஒரே களத்தைச் சூழ்ந்து நின்று எல்லாப் பிள்ளைகளையும் பார்க்கலாம். நாட்டுப்புறச் சிறுவனுக்கும் நகரச் சிறுவனுக்கும் ஒரே கண்ணோட்டம் கிட்டுகிறது. இது மறுக்கலாகாத நன்மை.

அடுத்து இரண்டாம் படிக்கு வருவோம். பழைய சங்கம் 1994ஆம் ஆண்டுப் பருவத்துடன் தன் ஆட்சியை இழந்தது. அதன் போட்டியை மாநில நிருவாகம் பொறுப்பேற்று, கழகங்களைக் குறைத்தது. அப்போது நீக்கப்பட்டவற்றுள் டண்டெனோங், ஓக்லி என்பனவும் உள. டண்டெனோங் 1991இலேதான் வாகை சூடிய கழகம். மூன்றே ஆண்டில் அதற்கு இடமில்லை என்றாயிற்று. இன்று அவ்விரு பெயர்களையும் பெரியோர் போட்டியிற் காணோம். பதினெட்டு வயதுப் பிரதேச அணிகளின் பெயரிலே காண்கிறோம். ஊரின் கழகமாயிருந்தது, பிள்ளைகள் இரண்டாண்டு தங்கிச் செல்லும் மடமாயிற்று. எனது நோக்கில், சீரமைப்பின் முழுக் கதையும் இவ்விரு பெயர்களிலே அடங்கியிருக்கிறது.

1999உடன் பெரிய கழகங்களின் இரண்டாம் அணிப் போட்டியும் நிறுத்தப்பட்டு, 2000 முதல் அவ்வணிகள் பழைய சங்கத்தின் வழிவந்த போட்டியோடு இணைக்கப்பட்டன. இப்போட்டிக்கு விக்ரோறிய லீக் என்ற பழம்பெயரே சூட்டப்பட்டிருந்தது. சில பெரிய கழகங்கள் தம் இரண்டாம் அணியை நேரே இறக்கின. வேறு சில ஊர்க் கழகத்தோடு உறவு பூண்டன. ஹோதோர்ன் பொக்ஸ் ஹில்லுடனும், மெல்பேண் சண்ட்றிங்ஹாமுடனும் அவ்வாறு சேர்ந்தன. உறவால் ஊர்க் கழகத்துக்குப் பணமும் பயிற்சியும் வந்தன என்பது மெய். சண்ட்றிங்ஹாம் 2004 முதல் 2006 வரை தொடர்ந்து மூன்றாண்டு வாகை சூடியது.

ஆனால் இவ்வுறவின் கணக்கைச் சற்றுப் பார்த்தல் வேண்டும். பெரிய கழகமொன்றின் பட்டியலில் நாற்பதுக்கு மேற்பட்டோர் உளர். மாற்றாட்டக்காரரையுஞ் சேர்த்து வாரத்துக்கு 23 பேரே முதலணியில் இடம் பெறுவர். காயமுற்றோரைக் கழித்தால், ஏறத்தாழப் பன்னிரண்டு முதற் பதினைந்து பேருக்கு ஓர் ஆட்டம் தேவை. அவர்கள் ஊர்க் கழகத்துக்கு அனுப்பப்படுவர். மீதி இடங்களையே ஊரார் நிரப்பலாம். மேலணியில் ஒருவனுக்குக் கால் சுளுக்கினால் கீழணியில் ஊர்ப் பிள்ளைக்கு இடம் கிடைக்கும். மேலே எல்லோரும் நலமாயிருந்தால் அவன் புறத்தே நிற்பான். அவன் ஆட்டத்தின் தரம் அன்று அவன் இடத்தைத் தீர்மானிப்பது. எங்கோ ஒருவனின் முழங்கால் தீர்மானிக்கிறது. பயிற்சியாளரும் இரு எசமானர்க்கு ஊழியஞ் செய்பவராகிறார். வெற்றிக்காக ஆடுவதா, மேலணிக்கு ஒருவனைப் பழக்குவதற்காக ஆடுவதா என்ற வினா ஒவ்வொரு வாரமும் அவர்முன் நிற்கிறது.

இரு தரப்புக்கும் சான்றுகள் உள. வெஸ்ரேண் புல்டோக்ஸ் கழகம் வில்லியம்ஸ்ரவுணுடனிருந்த உறவை முடித்து, 2014இல் புற்ஸ்கிறே என்னும் தன் பழம்பெயரிலே சொந்த இரண்டாம் அணியை இறக்கியது. அவ்வணி அவ்வாண்டே வாகை சூடியது, 2016இலும் சூடியது. அதே 2016இல் முதலணியும், 1954இன் பின் முதன்முறையாகத் தேசிய வாகையைப் பெற்றது. மேலும் கீழும் ஒரே முறையிற் பயின்றதன் பயன் இது என்பர். இதற்கு மறுதலையாக, எவருடனும் உறவு பூணாத போட் மெல்பேண் 2011இல் ஓர் ஆட்டமேனுந் தோற்காது வாகை சூடியது. 2024ஆம் ஆண்டு இறுதியாட்டத்தில் மோதிய வெரிபி, சவுத்போட் என்ற இரண்டுமே எப்பெரிய கழகத்தையுஞ் சாராதவை, வெரிபி வென்றது. தன்னூர்க்காக ஆடும் அணி தாழ்ந்ததாயிருக்க வேண்டியதில்லை என்பதை இவை காட்டுகின்றன.

தெற்கிலும் மேற்கிலும் இதே சிக்கல் வேறு வடிவில் எழுந்தது. 2014 முதல் அடிலெயிட் கழகத்தின் இரண்டாம் அணி தென் அவுஸ்திரேலியப் போட்டியிற் சேர்க்கப்பட்டது. அதே ஆண்டில், அப்போட்டியில் 36 முறை வாகை சூடிய போட் அடிலெயிட்டின் பழைய அணி, தேசிய லீக்கில் ஆடும் தன் முதலணிக்கு இரண்டாம் அணியாக மாற்றப்பட்டது. மேற்கில் பிறீமான்ரில் கழகம் 2014இல் பீல் தண்டர் கழகத்தோடு முழு உறவு பூண்டது. 1997இற் போட்டியிற் புகுந்தும் வாகையறியாத பீல், 2016இலும் 2017இலும் அதனைப் பெற்றது. பீல் ஊராருக்கு இது பெருமகிழ்ச்சி. பிற கழகத்தாருக்கோ, வாடகைப் படையால் வென்ற கோட்டையாகத் தோன்றிற்று. வெஸ்ற் கோஸ்ற் கழகம் 2019இல் தன் சொந்த இரண்டாம் அணியை அங்கே இறக்கியது.

கிழக்குக் கரையில் நடந்தது இன்னும் பெரிது. குயீன்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ் முதலிய வடபகுதிகளுக்கென 2011 முதல் ஒரு போட்டி இருந்தது. பெருந்தொற்றினால் 2020ஆம் ஆண்டுப் பருவம் நடைபெறவில்லை. செலவைச் சுருக்கும் நோக்கமும் சேர்ந்துகொள்ள, அப்போட்டி கலைக்கப்பட்டு 2021இல் விக்ரோறிய லீக்கோடு இணைக்கப்பட்டது. மூன்று மாநிலங்களிலிருந்து 22 அணிகள். பகலில் தச்சுவேலை செய்து மாலையிற் பயிலும் ஒருவன், ஓர் ஆட்டத்துக்காக மெல்பேணுக்கும் பிரிஸ்பேணுக்கும் இடையே ஏறக்குறைய 1,400 கிலோமீற்றர் பறக்க வேண்டியதாயிற்று. பிரிஸ்பேணின் அஸ்ப்லி கழகம் ஓராண்டோடு விலகிக்கொண்டது. 2023இல் விக்ரோறிய லீக்கின் வாகையைச் சூடியது குயீன்ஸ்லாந்தின் கோல்ட் கோஸ்ற் இரண்டாம் அணி! பெயர் ஓரிடம், பொருள் ஓரிடம்.

இனி இளைஞர் போட்டிக்கு மீள்வோம். தெரிவுக்குரிய வயது, அவ்வாண்டு டிசெம்பர் 31க்குள் பதினெட்டு நிறைதல். அஃதாவது பாடசாலையின் இறுதி வகுப்பு. தெரிவு நடைபெறுவது நொவெம்பரில். விக்ரோறியாவில் இறுதிப் பரீட்சைக் காலமும் அதுவே. ஒரே இளைஞன் ஒரே மாதத்தில் இரு பரீட்சை எழுதுகிறான். அன்றியும், பெருங்கல்லூரிகளிற் படிப்போர் சனிக்கிழமைகளில் தங் கல்லூரிக்கு ஆடக் கடமைப்பட்டோர். ஆதலின் அவர்கள் பிரதேச அணிக்கு அரைப் பருவமே கிடைப்பர். ஊர்க் கழகம், கல்லூரி, பிரதேச அணி என மூவர் ஒரு பிள்ளையின் இரு கால்களுக்கு உரிமை கோருகின்றனர். இம்மூன்றில் எப்பொழுதும் தோற்பது ஊர்க் கழகமே.

அன்றியும் எல்லா மரமும் ஒரே பருவத்திற் காய்ப்பதில்லை. சாம் மிச்செல் என்பார் பதினெட்டு வயதிலே தெரிவில் விடுபட்டவர். 2001இல் பொக்ஸ் ஹில் அணியில் பெரியோரோடு ஆடி, அவ்வாண்டு முடிவிலே தெரிவாகி, 2008இல் ஹோதோர்னின் வாகைக்குத் தலைமை தாங்கினார். மாலியன் பிக்கெற் மேற்கிலே சவுத் பிறீமான்ரில் கழகத்துக்கு ஆடிக்கொண்டிருந்தவர். 2019இற் புதுப்பிக்கப்பட்ட பருவ இடைத் தெரிவிலே றிச்மண்ட் அவரை எடுத்தது. இரண்டாம் அணியின் இறுதியாட்டத்திற் சிறந்த வீரராக விளங்கி, அடுத்த வாரமே, 27ஆவது வயதில், தேசிய இறுதியாட்டத்தில் முதன்முதலாக முதலணியிற் கால்வைத்து வாகை சூடினார். இவ்விருவரையும் தாங்கி நின்றது எது? பெரியோர் ஆடும் உறுதியான இரண்டாம் படி. அது நலிந்திருந்தால் இவர்கள் பெயர் நமக்குத் தெரிந்திராது.

ஆகவே சீரமைப்போர்க்கு வேண்டப்படும் நெறிகள் மூன்றென்று எனக்குப் படுகிறது. முதலாவது, இரண்டாம் படியிலே ஊர்ப் பிள்ளைகளுக்கு இத்தனை இடம் என்று உறுதி செய்யப்படல் வேண்டும். மேலணிக்காரர் எத்தனை பேர் வந்தாலும் அவ்விடங்கள் கைபடாதிருக்க வேண்டும். இரண்டாவது, பிரதேச இளைஞர் அணிக்குச் செல்பவன் தன் ஊர்க் கழகத்தின் உறுப்பினனாகவே இருந்து, ஆண்டுதோறுஞ் சில ஆட்டங்களேனும் அங்கே ஆட வேண்டும். திரும்பிவரும் வழியிற் புல் முளைக்க விடலாகாது. மூன்றாவது, பதினெட்டில் அடைபட்ட கதவு இருபத்திரண்டிலும் இருபத்தேழிலும் திறக்கக்கூடியதாயிருக்க வேண்டும். பருவ இடைத் தெரிவு அதற்கு நல்ல தொடக்கம்.

இவற்றுக்கெல்லாஞ் செலவுண்டு என்பதை மறுக்கவில்லை. பெரிய கழகங்கள் தம் பணத்தால் இரண்டாம் படியைத் தாங்குவதும் உண்மையே. அப்பணம் இல்லையேல் இன்றுள்ள சில ஊர்க் கழகங்களும் மறைந்திருக்கும். ஆயினும் தாங்குகிறவர் தாங்கப்படுவதன் உயிரை வாங்கிவிடலாகாது. ஏறுவோர்க்கு மட்டுமே பயன்படும் படி, ஏறுவோர் சென்றபின் வெறும் மரக்கட்டை. அதிலே நிற்பவருக்கும் அது ஓர் இடமாயிருந்தாலே நிலைக்கும்.

நண்பருக்கு யான் அளித்த விடையும் இதுவே. மெல்பேணில் 1892இல் தோன்றிய அமெச்சூர் உதைபந்தாட்டச் சங்கமொன்று இன்றும் நடைபெறுகிறது. ஆட்டக்காரருக்கு ஊதியமில்லை, உறுப்புக் கழகங்களிற் பல, கல்லூரிகளின் பழைய மாணவர் கழகங்கள். ஸ்கொட்ச், சேவியர், மெல்பேண் கிறமர் என்பவற்றின் பழைய மாணவர் தத்தம் கல்லூரி நிறத்தில் முப்பது வயதிலும் ஆடுகின்றனர். பிரிவுக்குப் பிரிவு ஏற்றமும் இறக்கமும் உண்டு, இறங்கியோர்க்கு இழிவில்லை. "உம் மகன் அங்கே போகட்டும், அல்லது தன் ஊர்க் கழகத்துக்கே போகட்டும். வெட்கப்பட வேண்டியவன் அவன் அல்லன்" என்றேன். அண்மையில் வந்த கடிதத்தில், பையன் ஊர்க் கழகத்தின் இரண்டாம் அணியில் ஆடத் தொடங்கிவிட்டான் என்றும், முதல் நாளிலே பழைய தோழர் அவனைத் தோளிலே தட்டி வரவேற்றனர் என்றும் நண்பர் எழுதியிருக்கிறார்.

விழாக் கொண்டாடும் நம் கல்லூரிக்கும் இதனுள் ஒரு செய்தி உண்டு. பல்கலைக்கழகம் புகுந்தோரின் பெயர்களை மண்டபத்துப் பலகையிலே பொறிக்கிறோம், அது தக்கதே. ஆனால் பலகையில் இடம்பெறாதோரே என்றும் பெரும்பான்மையினர். அவர்களும் இவ்வாயிலூடே புகுந்தவர்கள். இவ்வாயில் அவர்களுக்கும் என்றுந் திறந்திருத்தல் வேண்டும். பழைய மாணவர் சங்கம் என ஒன்று இருப்பது அதற்காகவன்றோ!